மூளையைச் சுற்றிய ரத்தக்கசிவுக்குப் பின் வரும் தலைவலி: எந்த மருந்து எதை மறைக்கும்

என் அண்ணன் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையிலிருந்து பதினைந்தாம் நாள் வீடு திரும்பியபோது, கையில் தரப்பட்ட மருந்துச் சீட்டில் தலைவலிக்கென்று மட்டும் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரி பாராசிட்டமால் 650, நாளைக்கு நான்கு வேளை. இரண்டாவது வரி டிராமடால், "தேவைப்பட்டால்". மூன்றாவது வரி மாத்திரை அன்று, ஒரு குறிப்பு: வலி அடங்காவிட்டால் மீண்டும் சில நாள் ஸ்டீராய்டு பற்றி யோசிக்கலாம், அதற்கு முன் தொலைபேசியில் கேட்கவும். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக் கடை நடத்துபவள். அதனால் இந்த மூன்று வரிகளுக்கிடையே தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அண்ணி முழுவதுமாக என்னிடம் விட்டுவிட்டார். இருபது ஆண்டுகளாக மருந்து எடுத்துக் கொடுத்துப் பழகியவள் என்றாலும், இந்த ஒரு நோயில் "வலிக்கு எது நல்ல மாத்திரை" என்ற கேள்வியே போதாது என்பதை நான் அந்த வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். அதே நிலையில் இருக்கும் வேறு குடும்பத்தினருக்குப் பயன்படும் என்பதால், எங்கள் முன் இருந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்து இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்வதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கசிவு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஊரில் எல்லாவற்றையும் "மூளையில் ரத்தக் கசிவு" என்ற ஒரே பெயரால்தான் சொல்கிறோம். அண்ணனுக்கு ஏற்பட்டது மூளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சிலந்திச் சவ்வுக்குக் கீழே, மூளைத் தண்டுவட நீர் ஓடும் இடத்தில், தமனியில் இருந்த ஒரு குமிழ் வெடித்து ரத்தம் பரவிய வகை. கடலூர் முதுநகரில் விசைப்படகு எந்திரங்களைப் பழுது பார்க்கும் அவர், காலையில் குனிந்து ஒரு போல்ட்டைத் திருகியபோது, பின்மண்டையில் கட்டையால் ஓங்கி அடித்தது போல வலித்ததாகச் சொன்னார். சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் அந்த வலிதான் இந்த நோயின் அடையாளம். வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து, சில வாரங்கள் கழித்துத் தலைவலியும் தடுமாற்றமுமாக வரும் கசிவு வேறு. அது மூளையின் தடித்த உறைக்கு அடியில் மெதுவாகத் தேங்குவது. இரண்டுக்கும் மருத்துவம் ஒன்றன்று, ஒன்றுக்குச் சொன்ன மருந்தை மற்றதற்குத் தருவது தவறு.

சிலந்திச் சவ்வுக்குக் கீழே பரவிய ரத்தம் ஏன் இத்தனை நாள் வலிக்கிறது என்பதை அறிந்தால்தான் மருந்துகளை ஒப்பிட முடியும். குமிழை அடைத்தவுடன் கசிவு நின்றுவிடுகிறது, ஆனால் ஏற்கெனவே கொட்டிய ரத்தம் அங்கேயே இருக்கிறது. அடுத்த சில நாள்களில் சிவப்பணுக்கள் சிதைந்து, உள்ளிருக்கும் ஹீமோகுளோபினும் இரும்பும் அந்த நீரில் கலக்கின்றன. உடல் இதை ஓர் அந்நியப் பொருளாகவே நடத்துகிறது. மூளையின் காவல் செல்கள் விழித்துக்கொள்கின்றன, வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின் போன்ற பொருள்கள் தண்டுவட நீரில் உயர்கின்றன. கிருமி இல்லாமலேயே மூளைச்சவ்வு அழற்சி வந்தது போன்ற நிலை இது. மூளைக்கு வலி தெரியாது. ஆனால் அதை மூடியிருக்கும் உறைகளுக்கும், அடிப்பகுதியிலுள்ள பெரிய ரத்தக்குழாய்களுக்கும் முகத்தின் முக்கிய நரம்பும் கழுத்தின் மேல் நரம்புகளும் கிளை விடுகின்றன, அவை எரிச்சலடைவதால்தான் நெற்றியும் பிடரியும் சேர்ந்து வலிக்கின்றன, கழுத்து விறைக்கிறது. இரண்டாம் வாரத்தில் அண்ணன் இடுப்பும் தொடையின் பின்புறமும் குத்துவதாகச் சொன்னபோது படுக்கையில் கிடந்ததால் வந்த வலி என்றே நினைத்தோம். ரத்தம் தண்டுவட நீரோடு கீழே இறங்கி இடுப்புப் பகுதி நரம்பு வேர்களைத் தொடுவதாலும் அது வரும் என்று மருத்துவர் பின்னர் விளக்கினார்.

ஆகவே இந்தத் தலைவலிக்கு ஒரே காரணம் இல்லை. அழற்சியால் வரும் வலி ஒன்று. தண்டுவட நீர் வடிய வழியின்றித் தேங்கி அழுத்தம் கூடுவதால் வரும் வலி மற்றொன்று. ரத்தத்தில் சோடியம் குறைவதால் வரலாம். பெரும்பாலும் நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையிலான காலத்தில் ரத்தக்குழாய்கள் சுருங்கி, மூளைக்கு ரத்தம் குறையும்போது வலியும் குழப்பமும் சேர்ந்து வரலாம். குமிழ் மீண்டும் கசிந்தால் வரலாம். நோயாளிக்கு இவையெல்லாம் "தலை வலிக்குது" என்ற ஒரே சொல்தான். மருந்தை எடை போடும்போது, அது வலியை எவ்வளவு குறைக்கிறது என்பதோடு, இந்தக் காரணங்களில் ஒன்று புதிதாகத் தலைதூக்கினால் அதை நம் கண்ணிலிருந்து எவ்வளவு மறைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒப்பீட்டுக்குள் வராத ஒரு மருந்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடுகிறேன். நிமோடிபைன் தலைவலி மாத்திரை அன்று, மூளைக்கு ரத்தம் குறைவதால் வரும் சேதத்தைத் தடுக்கத் தருவது. அதைத் தேர்வு செய்வதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. 60 மில்லிகிராம், நான்கு மணிக்கு ஒரு முறை, 21 நாள்கள் என்பது உலகெங்கும் நிலைபெற்ற முறை. 1989-இல் பிரிட்டனில் 554 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் மூளைத் திசு ரத்தமின்றி இறப்பது மருந்து பெறாதவர்களில் 33 விழுக்காடாகவும், பெற்றவர்களில் 22 விழுக்காடாகவும் இருந்தது. இங்கே கிடைப்பது 30 மில்லிகிராம் மாத்திரை என்றால் வேளைக்கு இரண்டு. எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுப்பிக் கொடுத்தோம். தலைவலியோடு தூங்கிப்போனவரை எழுப்ப அண்ணிக்கு மனம் வரவில்லை, "இந்த ஒரு வேளை போகட்டுமே" என்பார். போகக் கூடாது. ரத்த அழுத்தம் மிகவும் இறங்கினால் மருத்துவர் 30 மில்லிகிராமாகப் பிரித்து இரண்டு மணிக்கு ஒரு முறை தரச் சொல்லலாம், அதை அவர்தான் சொல்ல வேண்டும். சிறிய கடைகளில் இது எப்போதும் இருப்பில் இருக்காது, ஆகவே ஊர் திரும்பும் முன்பே மீதமுள்ள நாள்களுக்கு எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் ஒலிப்பில் நெருங்கிய நிஃபெடிபைன் என்ற ரத்த அழுத்த மாத்திரை ஒன்று உண்டு. அட்டையிலுள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள் என்பதை, மருந்துக் கடைக்காரி என்ற முறையில் வற்புறுத்திச் சொல்கிறேன். வலிப்புக்கென்று பெனிட்டாயின் ஏற்கெனவே எடுப்பவராக இருந்தால் அதையும் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அது நிமோடிபைனைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும்.

இனி உண்மையான தேர்வுக்கு வருகிறேன். பாராசிட்டமால் எல்லோருக்கும் தெரிந்த மருந்து என்பதாலேயே அதன் மேல் நம்பிக்கை குறைவு. "இவ்வளவு பெரிய நோய்க்குக் காய்ச்சல் மாத்திரையா" என்று அண்ணனின் மைத்துனர் கேட்டார். அந்த மருந்து இந்த வலியை முழுவதுமாக அடக்காது என்பது உண்மை, அழற்சியை அது ஏறக்குறையத் தொடுவதே இல்லை. ஆனால் அது உறக்கத்தை வரவழைப்பதில்லை, கண்மணியைச் சுருக்குவதில்லை, ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகளைக் கெடுப்பதில்லை, வயிற்றைப் புண்ணாக்குவதில்லை. அதாவது, வலியின் கூர்மையைச் சற்று மழுக்கிவிட்டு, நோயாளியின் விழிப்பு நிலையை நாம் பார்ப்பதற்கு அப்படியே விட்டுவைக்கிறது. அது மறைக்கும் ஒரே அடையாளம் காய்ச்சல், அதனால் உடம்பின் சூட்டை மாத்திரைக்கு முன் அளந்து எழுதி வைப்பது நல்லது. வலி வந்த பின் போடுவதைவிட ஆறு மணிக்கு ஒரு முறை நேரம் தவறாமல் போடும்போது அதன் பயன் தெரிந்தது. அண்ணன் தன் வலியைப் பத்துக்கு எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார், இரண்டு நாளில் அது ஐந்து, ஆறு என்று வந்தது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்பது உச்ச வரம்பு. எடை குறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தொடர்ந்து மது அருந்தியவர்கள் ஆகியோருக்கு வரம்பு அதைவிடக் குறைவு. நம் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்தில் இந்த மூன்றாவது விவரத்தை மனைவியர் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், தயவுசெய்து சொல்லிவிடுங்கள். சளி மாத்திரை, உடல்வலி மாத்திரை என்று வாங்குவதிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் வரம்பைத் தாண்டுவது எளிது.

ஸ்டீராய்டைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த நோயின் வலிக்கு மூலம் அழற்சி என்றால், அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் தானே நேரான மருந்து என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. மருத்துவமனையில் எட்டாம் நாள் கழுத்து விறைப்போடு வலி தாங்காமல் அண்ணன் அழுதபோது, நானே மருத்துவரிடம் கேட்டேன். அவர், "கொடுக்கலாம்மா, தலைவலி குறையவும் செய்யும், ஆனா உங்க அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கே" என்றார். மூன்று நாள் கொடுத்தார்கள். அவர் சொன்ன இரண்டும் நடந்தன. முதல் நாள் மாலையே கழுத்தைத் திருப்ப முடிந்தது, அன்றிரவு ஆறு மணி நேரம் உறங்கினார். 160-ஐ ஒட்டியிருந்த சர்க்கரை இரண்டாம் நாள் 340-ஐத் தொட்டு, இன்சுலின் போட வேண்டியதாயிற்று. மூளை அடிபட்டிருக்கும் நாள்களில் உயர்ந்த சர்க்கரை அதற்குக் கெடுதல். ஆகவே மூன்றாம் நாளோடு நிறுத்தினார்கள், நிறுத்திய மறுநாள் வலி பாதியளவு திரும்பி வந்தது.

எங்கள் ஒரு வீட்டு அனுபவத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதால், ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்துப் பார்க்கிறேன். சிலந்திச் சவ்வுக்குக் கீழான கசிவில் ஸ்டீராய்டைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, அது நோயின் முடிவை நல்லதாக்குகிறது என்பதற்கு ஆதாரம் காணவில்லை, சர்க்கரை உயர்வதை மட்டும் தெளிவாகக் கண்டது. தலைவலியைக் குறைக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் சிறியவை. தடித்த உறைக்கு அடியில் மெதுவாகத் தேங்கும் அந்த மற்றொரு கசிவில் ஸ்டீராய்டு பற்றிய பெரிய சோதனை 2020-இல் பிரிட்டனில் முடிந்தது. 748 பேர் சேர்க்கப்பட்ட அதில், ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் டெக்சாமெத்தசோன் பெற்றோரில் 83.9 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றோரில் 90.3 விழுக்காடு. மறு அறுவை தேவைப்பட்டது மட்டும் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குக் குறைவு. கண்ணுக்குத் தெரியும் ஒன்றை அந்த மருந்து சரி செய்தது, மொத்த ஆளை நோக்கினால் நஷ்டம் என்பதுதான் அதன் பொருள். அந்த முடிவை அப்படியே எங்கள் நோய்க்குப் பொருத்த முடியாது. ஆனாலும் "அழற்சியை அடக்கினால் எல்லாம் சரியாகும்" என்ற என் நினைப்பை அது தடுத்து நிறுத்தியது.

மறைத்தல் என்ற அளவுகோலில் ஸ்டீராய்டு எங்கே நிற்கிறது? அது உறக்கத்தைத் தராது, மாறாக உறக்கத்தைக் கெடுக்கும். சிலருக்கு மனக் கிளர்ச்சியும் குழப்பமும் வரும், அதை நோயின் குழப்பத்திலிருந்து பிரித்தறிவது கடினம். கிருமித் தொற்றின் காய்ச்சலை அமுக்கும். தலையில் குழாய் வைத்து நீர் வடிக்கப்படும் நோயாளிக்கு இது சிறிய விஷயம் அன்று. என் கருத்தில், சர்க்கரை இல்லாத, தொற்று இல்லாத, குமிழ் அடைக்கப்பட்ட, மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும் நோயாளிக்கு, கழுத்து விறைப்போடு வலி உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று நாளுக்கு இது நியாயமான வழி. வீட்டில், சர்க்கரை உள்ளவருக்கு, தொலைபேசியில் கேட்டு வாங்கிப் போடும் மருந்து இது அன்று. ஆகவே சீட்டின் மூன்றாவது வரியை நான் பயன்படுத்தவில்லை.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபூப்ரோஃபென் போன்றவை ஸ்டீராய்டு அல்லாத அழற்சி அடக்கிகள். கோட்பாட்டளவில் இவையும் பொருத்தமானவையே. பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள் சிலவற்றில், இவற்றைப் பெற்றவர்களின் நிலை சற்று நன்றாக இருந்ததாகவும் காணப்பட்டிருக்கிறது. ஆனால் குமிழ் அடைக்கப்படாத நாள்களில் ரத்தத்தட்டுகளின் ஒட்டும் திறனைக் குறைக்கும் எதையும் தரக் கூடாது, ஏனென்றால் மீண்டும் கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிகவும் அதிகம். அடைத்த பிறகு, அதை எப்படி அடைத்தார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். மண்டையைத் திறந்து கிளிப் போட்டவருக்கு ஒரு கணக்கு. அண்ணனுக்குத் தொடை வழியே குழாய் செலுத்திக் குமிழுக்குள் காயில் என்ற மெல்லிய உலோகச் சுருளை வைத்து, அது நழுவாமலிருக்க ஸ்டென்டும் பொருத்தியிருந்தார்கள், அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் தினமும் எடுத்தார். அவற்றோடு இன்னொரு வலி மாத்திரை சேர்ந்தால் இரைப்பை ரத்தக்கசிவுக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். ஐபூப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கவும் கூடும்.

இதை எழுதும் எனக்கே இது வீட்டில் நடந்தது. பதினேழாம் நாள், நான் கடையில் இருந்த நேரத்தில், பார்க்க வந்த உறவினர் ஒருவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் "தலைவலிக்கு நல்ல மாத்திரை" என்று கேட்டு வாங்கி வந்தார். அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை அது. சீட்டு இல்லாமல் கொடுத்திருந்தார்கள். அன்பினால் செய்ததுதான், இரண்டு மாத்திரைகள் உள்ளே போன பிறகே எனக்குத் தெரிந்தது. வயிற்று எரிச்சலோடு போயிற்று. அன்றிரவே, எந்தெந்த மாத்திரை தரக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி அண்ணனின் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். இதே பட்டியலில், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் சுமாட்ரிப்டான் வகை மாத்திரைகளையும் எர்காட் கலந்தவற்றையும் சேர்த்திருந்தேன். அவை ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்துகள், குழாய் சுருங்குவதே ஆபத்தான இந்த நோயில் அவற்றுக்கு இடமில்லை.

டிராமடால் பற்றிச் சொல்லும்போது என் தவறையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்பின், ஃபெண்டானில், டிராமடால், கோடீன் ஆகிய ஓபியாய்டு குடும்பம் வலியை அடக்குவதில் மற்ற எல்லாவற்றையும் விட வலிமையானது. தீவிர சிகிச்சைப் பிரிவில், செவிலியர் மணிக்கொரு முறை கண்ணில் விளக்கடித்துப் பார்க்கும் இடத்தில், சிறிய அளவில் தருவதற்கு நல்ல காரணம் உண்டு. வலியால் ரத்த அழுத்தம் எகிறுவதும் கெடுதல்தானே. வீட்டிலோ, இதன் பக்கவிளைவுகளான உறக்கம், குமட்டல், மந்தம் ஆகியவை இந்த நோய் முற்றும்போது தோன்றும் அடையாளங்களோடு அப்படியே ஒத்துப்போகின்றன. மலச்சிக்கலும் வரும், முக்கினால் தலைக்குள் அழுத்தம் கூடும். டிராமடாலுக்குக் கூடுதலாக வலிப்பைத் தூண்டும் குணமும், சோடியத்தைக் குறைக்கும் குணமும் உண்டு, இந்த இரண்டுமே இந்த நோயாளிகளுக்கு ஏற்கெனவே வரக்கூடியவை.

இவ்வளவும் தெரிந்த நான், பதினெட்டாம் நாள் இரவு, வலி எட்டுக்கு ஏறிவிட்டது என்று அண்ணன் கெஞ்சியபோது ஒரு டிராமடால் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவர் எழவில்லை. எழுப்பினால் கண் விழிப்பார், பதில் சொல்வார், மீண்டும் உறங்கிவிடுவார். "நேத்து போட்ட மாத்திரைதான் அண்ணி, தூங்கட்டும்" என்று நானே சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். பதினோரு மணிக்கு அண்ணி அழைத்தார். கழிவறைக்கு நடத்திச் சென்றபோது கால்கள் தரையில் ஒட்டியது போல இழுத்தாராம், போகும் முன்பே லுங்கி நனைந்துவிட்டதாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆம்புலன்சில் ஏற்றி, தென்பெண்ணைப் பாலம் தாண்டி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். சி.டி. ஸ்கேனில் மூளையின் நீரறைகள் வீங்கியிருந்தன. சிதைந்த ரத்தம் நீர் உறிஞ்சப்படும் வழிகளை அடைத்ததால் வந்த நீர்த்தேக்கம் அது. முந்தைய இரவு வலி எட்டுக்கு ஏறியதே அதன் முதல் செய்தி. நான் அந்தச் செய்தியை மாத்திரையால் மூடிவிட்டு, மறுநாள் வந்த இரண்டாவது செய்திக்கும் அந்த மாத்திரையையே காரணமாக்கி ஐந்து மணி நேரத்தை இழந்தேன்.

அன்று மாலை இடுப்பில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை வடித்தார்கள். ஸ்கேனைப் பார்த்து, நீர் எல்லா அறைகளிலிருந்தும் கீழே இறங்கும் வகைத் தேக்கம்தான் என்று உறுதி செய்த பிறகே அப்படிச் செய்ய முடியும், வேறு வகையில் அது ஆபத்து. க்ளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு இடுப்பில் ரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு என்பதால், அதையும் எடை போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்து, "தங்கச்சி, மண்டையில இருந்த பாரம் இறங்கிடுச்சு" என்றார். எந்த மாத்திரையும் அவருக்குத் தராத நிம்மதி அது. பின்னர் மேலும் இரண்டு முறை வடிக்க வேண்டியிருந்தது, நிரந்தரக் குழாய் வைக்கும் தேவை வரவில்லை.

அதன் பிறகு தண்டுவட நீர் வடிப்பதை வலிக்கான வழிகளில் ஒன்றாகவே வைத்து நான் ஒப்பிடத் தொடங்கினேன். மற்றவை அழற்சியின் விளைவை அடக்கப் பார்க்கின்றன, இது அழற்சியைத் தூண்டும் கெட்ட ரத்தத்தையே வெளியேற்றுகிறது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, கனடா ஆகிய நாடுகளில் 287 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளிவந்த சோதனையில், குமிழை அடைத்த பின் தொடக்கத்திலேயே இடுப்பில் மெல்லிய குழாய் வைத்து மணிக்கு 5 மில்லிலிட்டர் வீதம் நீரை வடித்தவர்களில் ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள் 32.6 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 44.8 விழுக்காடு. இது தலைவலிக்கென்று நடத்திய சோதனை அன்று. ஆனாலும் அழற்சிக்கு எதிரான வழிகளில் மொத்த ஆளுக்கும் நன்மை காட்டிய ஒன்று இருக்கிறதென்றால் இதுதான் முன்னால் நிற்கிறது. குழாய் வழியே தொற்று வரலாம், அளவுக்கு மிஞ்சி வடிந்தால் அதனாலேயே தலைவலி வரும், படுத்தே இருக்க வேண்டும். எல்லா மருத்துவமனைகளிலும் இது வழக்கமாகச் செய்யப்படுவதுமில்லை. இருந்தாலும், வலி அடங்காதபோது "இன்னும் வலிமையான மாத்திரை இல்லையா" என்று கேட்பதற்குப் பதிலாக, "நீர்த்தேக்கம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா, வடித்தால் பயன் இருக்குமா" என்று கேட்கும்படி எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்வேன்.

மற்ற வழிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். காபாபென்டின் நரம்பு வலியைத் தணிக்கும். ஓபியாய்டு குடும்பத்தின் தேவையைக் குறைப்பதற்காகச் சில மருத்துவர்கள் சேர்க்கிறார்கள், தலைசுற்றலும் உறக்கமும் தரும் என்பதால் மறைத்தல் கணக்கில் அது நடுவில் நிற்கிறது. நரம்பு வழியே மெக்னீசியம் கொடுப்பது நோயின் முடிவை மாற்றவில்லை என்பது 1,204 நோயாளிகளைக் கொண்டு 2012-இல் வெளிவந்த சோதனையில் தெளிவானது. கன்னத்து எலும்புக்குப் பின்னாலுள்ள நரம்பு முடிச்சருகே மரத்துப்போகச் செய்யும் ஊசி போடும் முறை ஒன்று அண்மையில் முயன்று பார்க்கப்படுகிறது. உறக்கத்தைத் தராமல் வலியைக் குறைப்பதால் கோட்பாட்டளவில் எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் ஆதாரம் இன்னும் சிறிய ஆய்வுகளிலேயே நிற்கிறது.

வீட்டு மருந்துகளைப் பற்றியும் கேட்பார்கள். நெற்றியில் சுக்குப் பற்றுப் போடுவதால் கேடில்லை, தோல் எரிந்தால் கழுவிவிடலாம். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கத் தலையைக் குனிந்து போர்வைக்குள் உட்கார்வது இந்த நாள்களில் வேண்டாம். நாட்டு வைத்தியத்தை நான் குறைத்துப் பேசவில்லை, குனிவதும் மூச்சு முட்டுவதும்தான் என் கவலை. காப்பியும் கவனிக்க வேண்டியது. அண்ணன் நாளைக்கு ஐந்து தம்ளர் குடித்தவர். நோய் வந்த நாளிலிருந்து திடீரென்று நின்றுபோயிற்று. காபின் நின்றாலே சில நாள் தலை வலிக்கும், அது தானாக அடங்கிவிடும். காலையில் ஒரு சிறிய தம்ளருக்கு மருத்துவர் அனுமதி தந்தார். மலச்சிக்கலுக்கு இசப்கோலும் தண்ணீரும் தந்தோம். வலி மாத்திரையோடு சேர்த்து முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும்படி வீட்டார் தாமாகச் சொல்லக் கூடாது. சோடியம் குறைந்தாலும் இந்த நோயில் தண்ணீரைக் கட்டுப்படுத்துவது மூளைக்கு ரத்தம் குறைய வழி செய்யும், உப்பைக் கொண்டு சரி செய்வதே மருத்துவர்களின் வழக்கம்.

நீர்த்தேக்கம் சரியாகி இரண்டாம் முறை வீடு திரும்பிய பிறகு எங்கள் முடிவு இப்படி அமைந்தது. பாராசிட்டமால் 650 நேரப்படி நான்கு வேளை, மேலே ஒன்றும் இல்லை. வலி ஒரே வேளையில் மூன்று புள்ளி ஏறினால் மாத்திரை தேடுவதில்லை, முதலில் மூன்று கேள்விகள்: இன்று என்ன கிழமை, இரண்டு கைகளையும் நேராக நீட்டு, எழுந்து கூடத்தின் அந்தக் கோடிவரை நட. மூன்றில் ஒன்று பிசகினாலும், வாந்தி வந்தாலும், வலிப்பு வந்தாலும், முதல் நாள் அடித்தது போன்ற அந்த வலி மீண்டும் வந்தாலும் 108-ஐ அழைப்பது. பிசகு இல்லையென்றால் விளக்கை அணைத்து, தலையணையை உயர்த்தி, அரை மணி நேரம் கழித்து மீண்டும் கேட்பது. டிராமடால் அட்டையை என் கடைக்கே எடுத்து வந்துவிட்டேன். அது கெட்ட மருந்து என்பதால் அன்று, என் அண்ணன் இருக்கும் நிலையில், எங்கள் வீட்டில் கண்ணில் விளக்கடித்துப் பார்க்கும் செவிலியர் இல்லை என்பதால்.

ஆறாவது வாரத்தில் பாராசிட்டமாலையும் குறைக்கத் தொடங்கினோம். மாதத்தில் 15 நாளுக்கு மேல் அதையோ, 10 நாளுக்கு மேல் கோடீன், டிராமடால் வகைகளையோ மூன்று மாதம் தொடர்ந்து எடுத்தால் மருந்தே தலைவலியை உண்டாக்கும், அந்த வலியைக் கசிவின் மிச்சம் என்று நினைத்து மேலும் மருந்து போடுபவர்களை என் கடையில் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கு மாலை வேளையில் பட்டை கட்டியது போன்ற வலி மட்டும் தொடர்ந்தது. அதற்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள், தை பிறக்கும்போது அதையும் நிறுத்திவிட்டார். படகு எந்திரத்துக்கு மேல் குனியும் வேலைக்கு மட்டும், ஆறாம் மாத ஆஞ்சியோகிராம் முடியும்வரை, மருத்துவர் இன்னும் அனுமதி தரவில்லை.